ரெண்டு நாள், 17 இடம்

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கன கெடக்கட்டும், திண்ணையில ஏறி உக்காருங்க. தாயி, நீ உள்ள போயி ஆச்சிகிட்ட மோர் கேளு. பெரிய வண்டியாத்தான் கொண்டாந்திருக்கிய. ஏழு பேரு போகலாம் போலிருக்கு. நீங்க, உங்க வீட்டம்மா, ரெண்டு பிள்ளைய, உங்க மச்சினன், அவன் பொண்டாட்டி. ஆறு பேருதான எறங்குனது? சரி, சும்மா கேட்டேன்.

என் தம்பி மவன் போன்ல சொன்னான். "பெரியப்பா, மெட்ராஸ்ல என்கூட வேலை பாக்கவரு குடும்பத்தோட வாராரு, சுத்திப்பாக்க நாலு இடம் சொல்லிவிடுங்க"ன்னான். நாலுதான் சொன்னான். நீங்க போன்ல தேச்சுக் காட்டுத பட்டியல்ல 17 இருக்கு. எண்ணிட்டேன். போன வருசம் பொரை எடுத்த கண்ணு, நல்லாத் தெரியுது. ரெண்டு நாள்ல 17 இடம்னா ஒரு நாளைக்கு எட்டரை இடம் வருது. அந்த அரை இடம் எதுன்னு மட்டும் மொதல்ல முடிவு பண்ணிக்கிடுங்க. மத்ததெல்லாம் தானா சரியாவும்.

குத்தாலத்துக்கு நாளைக்குக் காலையில ஒம்போதுலேருந்து பதினொண்ணரைன்னு போட்டிருக்கு. பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குத்தாலம் எல்லாம் ரெண்டரை மணி நேரத்துக்குள்ள. ஐந்தருவிக்கு மட்டும் இருவது நிமிசம். ஒரு கிளைக்கு நாலு நிமிசம் வச்சாக்கூட கணக்கு சரியாத்தான் இருக்கு. ஒண்ணு கேக்கேன், அங்க ஆடி மாசம் எத்தனை பேரு வரிசையில நிப்பாவன்னு அந்தப் போன் சொல்லிச்சா? வரிசையில நிக்கும்போது சாரல் விழும். மேல ஈரம், கீழ சேறு, முன்னால ஒரு மாமா உடம்பெல்லாம் எண்ணெயைத் தேச்சுக்கிட்டு நிப்பாரு. நீங்க அவரத் தொடாம நிக்கணும். அது தனிக் கலை.

சரி, போங்க. ஆனா போறதுக்கு முன்ன ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும். பேரருவிக்கு மேல பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளம் இருக்கு. மலையிலேருந்து வார தண்ணி நேரா நம்ம உச்சியில விழுந்தா உச்சி மிஞ்சாது. அது அந்தப் பள்ளத்துல விழுந்து, பொங்கி, கோவம் தணிஞ்சு, அப்பறந்தான் நம்ம முதுகுக்கு வருது. எங்க வீட்டு ஆச்சியும் அப்படித்தான். கோவத்தை மொதல்ல அடுப்படிப் பாத்திரத்துல எறக்கிட்டுத்தான் திண்ணைக்கு வருவா. கீழ பெண்ணாள்க குளிக்க எடத்துல ஒரு வளைவு கட்டி வச்சிருக்கும். தண்ணி அந்த ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பிச்சா போலீஸ்காரன் விசிலடிப்பான். அவன் விசிலடிச்சா ஏறிருங்க. "சார், ஒரே ஒரு போட்டோ"ன்னு நிக்காதிய.

இத நான் கேலிக்குச் சொல்லல. 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன் போயிட்டான். பதினேழு வயசு. மலைமேல மழை அடிக்கது கீழ நிக்கவனுக்குத் தெரியாது. தண்ணி கலங்குதா, சருகும் கொப்பும் சேந்து வருதா, சத்தம் மாறுதான்னு பாத்துக்கிட்டே குளிக்கணும். மாறிச்சுன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறணும். துண்டு, செருப்பு, போன் எல்லாம் பெறகு.

சோப்பு, ஷாம்பு கொண்டு போகாதிய. அருவியில அது கூடாதுன்னு மதுரை ஐகோர்ட்டே சொல்லியாச்சு. இருந்தும் பாறை இடுக்குல ஷாம்பு உறை கெடக்கும். இன்னொண்ணும் சொல்லுதேன். குத்தாலத்துல உங்க தலையில விழுந்த தண்ணி அங்கயே நிக்காது. சித்தாறா ஓடி, தென்காசியத் தாண்டி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில வந்து சேரும். அதுக்குக் கீழ இருக்க சனம் அதைத்தான் குடிக்கும். நீங்க தலைக்குப் போட்டது ஒரு ரூவா ஷாம்புதான், ஆனா பங்காளி நெறைய.

குத்தாலத்துல எல்லாரும் விட்டுட்டுப் போற எடம் ஒண்ணு இருக்கு. சித்திர சபை. நடராசருக்கு அஞ்சு சபைன்னு சொல்லுவாவல்ல, அதுல இங்க சாமி செலையா இல்லாம செவத்துல ஓவியமா இருக்காரு. உள்ள போனா நாலு செவரும் படம்தான். அருவியில விழுந்து எந்திரிச்சவனுக்கு அடுத்த ஞாபகம் பரோட்டா. நேரா செங்கோட்டை பார்டருக்குப் போயி, கோழியப் பிச்சுப்போட்ட பிச்சுலதான் அவனுக்கு சித்திரம் தெரியும். நான் குத்தம் சொல்லல. நானும் அப்படித்தான் போவேன், பல்லு இருந்த காலத்துல.

ஆங், குத்தாலம் கடைவீதியில இப்ப மங்குஸ்தான் வந்திருக்கும். ரெண்டு கிலோ வாங்கணும். ஆச்சிக்குப் பிடிக்கும். வாங்கணும்னு சும்மா சொல்லுதேன், பொதுவாச் சொல்லுதேன்.

பட்டியல்ல அடுத்தது என்ன? சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டம், மாலை அஞ்சு மணி. அடக் கடவுளே. தம்பி, பூத்து முத்தின சூரியகாந்தி கெழக்கேதான் பாத்து நிக்கும். சூரியன் பின்னால சுத்திக்கிட்டே இருக்குங்கது மொட்டாயிருக்க வரைக்கும் உள்ள சேட்டை. மனுசன் மாதிரிதான், வயசுல சுத்துவான், முத்தினா ஒரே பக்கம் பாத்து உக்காந்திருவான். நீங்க அஞ்சு மணிக்குப் போயி நின்னியன்னா வெளிச்சம் மேக்க இருக்கும், பூவுக்கு முதுகுலதான் வெயில் அடிக்கும். காலையில போங்க. வயலுக்குள்ள எறங்குததுன்னா வயக்காரங்கிட்ட கேட்டுட்டு எறங்குங்க. அவன் காசு கேட்டா குடுங்க. அவன் வெதைச்சது எண்ணெய்க்கு, உங்க போட்டோவுக்கு இல்ல.

எனக்கு அதுல ஒரு ஆதங்கம் உண்டு. அறுவது வருசமா நெல்லு போடுதேன். ஒரு பய என் வயலுக்கு முன்னால வந்து கன்னத்துல கை வச்சு நின்னதில்ல. சூரியகாந்திக்கு மஞ்ச மூஞ்சி இருக்கு, நெல்லுக்குத் தலை குனியத்தான் தெரியும். மார்க்கெட்டு எப்பவும் மூஞ்சிக்குத்தான்.

நாளான்னைக்கு பாபநாசம், அகத்தியர் அருவி, காரையாறு, மணிமுத்தாறு. எல்லாம் மதியத்துக்குள்ள. இது நம்ம எல்லை, அதனால நான் கொஞ்சம் வெவரமாப் பேசலாம். அகத்தியர் அருவியில தண்ணி எப்பவும் இருக்கும். குத்தாலம் மாதிரி சீசனுக்கு வந்து போற சோலி அங்க இல்ல. அது தாமிரபரணியே எறங்கி வார எடம். பொதிகையில பொறந்து புன்னைக்காயல்ல கடல்ல சேருத வரைக்கும் இந்த ஆறு தமிழ்நாட்டை விட்டு வெளிய போகாது. பக்கத்து மாநிலத்துக்காரன் தொறந்து விடட்டும்னு யார் வாயையும் பாக்க வேண்டாம். எங்களுக்குள்ளயே அடிச்சுக்கிடலாம்.

செக்போஸ்ட்டுல பிளாஸ்டிக்கு எடுத்துருவாவ. பாட்டில், பாலித்தீன் பை, சரக்கு, எல்லாம். உங்க மச்சினன் மூஞ்சி ஏன் வாடுது? உள்ள இருக்கது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல அறிவிச்சது, தமிழ்நாட்டுலயே மொதல்ல வந்தது. புலி பாக்கலாமான்னு பெரிய பையன் கேக்கான். எய்யா ராசா, இந்த மலைக்குக் கீழ எழுவத்தஞ்சு வருசமாக் கெடக்கேன். நான் பாத்தது ஒரே ஒரு புலித்தடம். அதையும் பாரஸ்ட்டு ஆளு வந்து குனிஞ்சு பாத்துட்டு, "தாத்தா, இது உங்க நாய்"ன்னுட்டான். கரடி வேணும்னா சொல்லு. அது அப்பப்ப மலையை விட்டு எறங்கி ஊர்ப்பக்கம் வந்து, பாத்துட்டுப் போவுது. அதுவும் உங்கள மாதிரி டூர் வார கூட்டம்தான். ஆனா உங்கள விடக் கொஞ்சம் நின்னு பாக்கும்.

பாபநாசத்துல உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுவாவ. படித்துறையில முங்கி எந்திரிச்சு, கட்டியிருக்க துணியை ஆத்துலயே விட்டுட்டா பாவம் போயிரும்பாவ. நீங்களும் பழைய வேட்டி ஒண்ணு கொண்டாந்திருப்பிய, பையைப் பாத்தாலே தெரியுது. பாவம் போவுதா போவலையான்னு எனக்குத் தெரியாது. வேட்டி எங்க போவுதுன்னு தெரியும். எங்க கல்லிடைக்குறிச்சிக்கு வருது. மாட்டைக் குளிப்பாட்ட எறங்குனா காலைச் சுத்தி ஒரு துப்பட்டா. உருவி எறிஞ்சா அடுத்த காலுக்கு ஒரு கைலி. போன மாசம் மாட்டுக் கொம்புல ஒரு சட்டை மாட்டிக்கிட்டு வந்து நிக்கி, முழுக்கை, நல்ல பிராண்டு. மாடு வீட்டு வாசல்ல வந்து நின்ன நிலையப் பாத்து ஆச்சி, "யாரு மாப்பிள்ள?"ங்கா. அவ்வளவு பேரு பாவத்தையும் எங்க மாடு சுமக்கணுமா? நீங்க முங்குங்க, நல்லா முங்குங்க. துணியப் பிழிஞ்சு பையில வச்சுக் கொண்டு போங்க. மெட்ராஸ்ல தொவச்சா அதுல ஒட்டியிருக்க பாவமும் போவும்.

இப்பதான் பட்டியல்ல எனக்குப் பிடிச்ச எடம் வருது. 14-வது. ஆதிச்சநல்லூர், அடைப்புக்குள்ள "நேரம் இருந்தால்"னு போட்டிருக்கிய.

எங்க பாட்டி ஒரு கதை சொல்லுவா. அந்தக் காலத்துல மனுசனுக்குச் சாவே வராதாம். வயசாக ஆகச் சுருங்கிக்கிட்டே போவானாம். கெழவன் கொழந்தை மாதிரி ஆவான், பூனைக்குட்டி மாதிரி ஆவான், கடைசியில வெளக்கு வைக்க மாடத்துல தூக்கி வச்சிருவாவளாம். அதுக்கும் மேல பாத்துக்க முடியலன்னா, ஒரு பெரிய தாழிக்குள்ள எறக்கி, பக்கத்துல சோறும் தண்ணியும் வெளக்கும் வச்சு மூடிருவாவளாம். முதுமக்கள் தாழின்னா அதான்னு சொல்லி, ராத்திரி என்னைய முத்தத்துக்குக்கூட போக விடாம வச்சிருந்தா. அது கதை. செத்தவங்களத்தான் தாழியில வச்சுப் புதைச்சிருக்காவ. ஆனா போன பொங்கலுக்கு என் பழைய சட்டையப் போட்டுப் பாத்தேன், தோளு ரெண்டு எஞ்சு தொங்குது. பாட்டி சொன்னதுல ஏதோ இருக்குன்னு சந்தேகம் வந்துட்டு.

1876-ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் பெர்லின்லேருந்து கெளம்பி, கப்பல் ஏறி, இந்த ஆத்தங்கரைக்கு வந்து தோண்டியிருக்காரு. கெடச்சதை பெர்லினுக்கே கொண்டு போயிட்டாரு. பெறகு 1899-லேருந்து அலெக்சாண்டர் ரியான்னு ஒரு வெள்ளைக்காரர் வந்து வருசக்கணக்கா தோண்டியிருக்காரு. 114 ஏக்கர் மேடு, பூரா தாழி. நெத்தியில கட்டுத தங்கப் பட்டம், வெங்கலத்துல மூடி, அதுமேல கொம்பு வளைஞ்ச எருமை. இரும்புல வாளு, வேலு, மம்பட்டி. 2004-ல மத்திய அரசு தொல்லியல் துறை வந்து மறுபடியும் தோண்டுச்சு. இவ்வளவும் நடந்திருக்கு. நான் எப்பப் போனேன்? போன வருசம்! பெர்லின்காரர் வந்துட்டுப் போயி கிட்டத்தட்ட நூத்தம்பது வருசம் கழிச்சு. எங்க ஊருலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறுனா போயிரலாம். அதுவும் நானாப் போவல. பேத்தி பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாவ, தொணைக்கு ஒரு பெரியாளு வேணும்னாவ. பெரியாளுன்னா ஆதிச்சநல்லூருக்கு என்னையவிடப் பொருத்தமா யாரு இருக்கா?

அங்க தோண்டுன குழிக்கு மேல கண்ணாடி போட்டிருக்கு. 2023-ல போட்டது. கண்ணாடி மேல நின்னு குனிஞ்சா, கால்கீழ தாழி, தாழிய ஒட்டிச் சின்னச் சட்டி, புதைச்சவன் எப்படி வச்சிட்டுப் போனானோ அப்படியே கெடக்கு. ஒரு தாழி வாய் ஒடைஞ்சு கோணிக்கிட்டு இருந்துச்சு. எங்க வீட்டுக் குலுக்கையும் ஓரத்துல அதே மாதிரிதான் வெடிச்சிருக்கு, ஆச்சி சாணி போட்டு அடைச்சு வச்சிருக்கா. பாத்துக்கிட்டே நிக்கேன், எனக்கு உள்ளங்கால் கூசுது. ஒருத்தன் தலைக்கு மேல நிக்கோமேன்னு. பேத்தி பைய என் கையப் புடிச்சு, "தாத்தா, ஒனக்கு இது சரியா இருக்கும்"ங்கா, ஒரு தாழியக் காட்டி. எட்டு வயசு. வாய் அவங்க ஆச்சி வாய்.

அந்த மம்பட்டியப் பாக்கணும்னு எனக்கு ஆசை. வம்சமா மம்பட்டி புடிச்ச குடும்பம்லா? ஆனா ரியா எடுத்த சாமான், தங்கப் பட்டம் உள்பட, மெட்ராஸுக்குப் போயிட்டு. எழும்பூர் மியூசியம் தம்பி. 1851-ல ஆரம்பிச்சது. உங்க வீடு எங்க, புரசைவாக்கமா? நடந்தே போயிரலாமே. போயிருக்கியளா? போகல. பக்கத்துல இருக்க எழும்பூரை விட்டுட்டு நீங்க அறுநூறு கிலோமீட்டர் வந்து எங்க ஊர் மேட்டைப் பாக்க வந்திருக்கிய, "நேரம் இருந்தால்"னு. நான் பக்கத்துல இருக்க மேட்டை விட்டுட்டு எழும்பூருக்குப் போகணும்னு நிக்கேன். நல்ல சோடிதான். உங்கள சொல்லிச் சிரிக்க எனக்கு வாயில்ல, இருந்தும் சிரிக்கேன்.

அந்தப் பக்கம்தான் சிவகளை. அங்க தாழிக்குள்ள நெல்லு உமி கெடச்சிருக்கு, சோதிச்சுப் பாத்ததுல கி.மு. 1155ன்னு வந்திருக்குன்னு 2021-ல சட்டசபையிலயே சொன்னாவ. ஏறத்தாழ 3,200 வருசம். செத்தவனுக்கு வச்ச நெல்லு அத்தனை காலம் நின்னிருக்கு. எனக்கு வெளஞ்ச நெல்லு அறுத்த மூணாம் மாசம் வீட்டுல இருக்கதில்ல. ரேசன் அரிசிதான். அப்ப யாரு பணக்காரன்? இதெல்லாம் ஒரே எடத்துல வேணும்னா நெல்லையில ரெட்டியார்பட்டி மலைப்பக்கம் பொருநை அருங்காட்சியகம்னு பெருசா கட்டி வச்சிருக்காவ, அதையும் பாருங்க. ஆனா மொதல்ல மேட்டைப் பாருங்க. சாமானப் பாத்துட்டு மேட்டுக்குப் போனா வெறும் பொட்டல்னுதான் தெரியும்.

மத்ததச் சுருக்கமாச் சொல்லிருதேன். கொக்கிரகுளத்துல ஆத்தோரம் அறிவியல் மையம் இருக்கு, 1987-லேருந்து. சின்னவள அங்க விட்டுட்டா அப்பறம் கூப்பிட்டாலும் வரமாட்டா. கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயில் திருச்செந்தூர் ரோட்டுலயே இருக்கு, ஆதிச்சநல்லூர் போற வழிதான். ஒரே கல்லுல செதுக்குன தூண், ஆளுயரச் செலை. குறவன் காலுல நரம்பு பொடைச்சு நிக்கதைப் பாருங்க. ஒருத்தன் வேல செஞ்சா இப்படிச் செய்யணும்னு தோணும், கொஞ்ச நேரத்துக்கு.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்த ஏன் விட்டுட்டிய? பட்டியல்லயே இல்ல. நாங்குநேரி பக்கம். 1994-ல சரணாலயம்னு அறிவிச்சாவ, ஆனா அந்த ஊர்க்காரங்க அதுக்கு எவ்வளவோ முன்னாலேருந்தே பாத்துக்கிடுதாவ. கூழைக்கடா, நாரை எல்லாம் குளத்துக் கருவமரத்துல மட்டுமில்ல, ஊருக்குள்ள வீட்டு வேப்பமரத்துலயே கூடு கட்டும். நாத்தம் அடிக்கும், முத்தமெல்லாம் எச்சமாக் கெடக்கும், ஒருத்தரும் ஏசமாட்டாவ. குஞ்சு கீழ விழுந்தா எடுத்து மீன் குடுத்து வளப்பாவ. தீவாளிக்கு வெடி போடமாட்டாவ. பறவ வந்தா மழ வரும், வெள்ளாம வெளங்கும்னு நம்பிக்கை. இமயமலையத் தாண்டி பட்டைத்தலை வாத்து வருது, எந்தப் பட்டியலும் கையில இல்லாம.

இப்ப ஆடியில பறவ இருக்குமான்னா... நெசத்தச் சொல்லணும்லா? பெரும்பாலும் கெளம்பியிருக்கும். தை, மாசியில வந்தாதான் கூட்டம். ஆனா எடம் நல்லாருக்கும். காத்து நல்லாருக்கும். என் மூத்த மவள அங்கதான் குடுத்திருக்கு. நல்ல மீன்கொழம்பு வைப்பா.

அதனால நான் சொல்லுத மாதிரி கேளுங்க. 17-ஐ அஞ்சாக்கிருவோம். நாளைக்குக் காலையில அஞ்சரைக்குக் கெளம்பி சுந்தரபாண்டியபுரம், வெயிலுக்கு முன்ன பூவு. அங்கேருந்து குத்தாலம், ஒரு அருவி, ஒரே அருவி, வயிறு குளிர நின்னு குளிக்கோம். சித்திர சபை பாத்துட்டு மங்குஸ்தான் வாங்கிக்கிட்டுத் திரும்பிரலாம். நாளான்னைக்கு நெல்லை வழியா கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர். ஆதிச்சநல்லூருக்கு முன்னால கருங்குளத்துல ஒரு பத்து நிமிசம் நிக்கணும். ஒண்ணுமில்ல, என் மச்சினன் அங்க இருக்கான். காளை வித்த பாக்கி மூணு வருசமாத் தரணும். கெழவன் பஸ்ஸுல போயி எறங்குனா ஒளிஞ்சுக்கிடுதான். மெட்ராஸ் நம்பர் வண்டியில ஆறு பேரோட எறங்குனா அவனுக்கு வேற மாதிரி தோணும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். உங்க மச்சினன் அந்தக் கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு சும்மா நின்னாப் போதும்.

முடிச்சிட்டு கூந்தன்குளம், மவ வீட்டுல சாப்பாடு. பின்னால டிக்கியில எடம் இருக்கும்லா? ஒரு மூட்டை அரிசி, ரெண்டு கட்டு அப்பளம். கல்லிடைக்குறிச்சி அப்பளம் இல்லாம மவ வீட்டுக்குப் போனா சம்பந்தக்காரங்க என்ன நெனைப்பாவ? நீங்க மொதல்லயே அந்த அரை இடம் எதுன்னு யோசிச்சியல்லா, அது நான்னு வச்சுக்கிடுங்க. சுருங்கிட்டேன், அதிகம் எடம் புடிக்காது.

அப்பறம் ஒண்ணு. பின்சீட்டுல உக்காந்தா எனக்குத் தலை சுத்தும். டிரைவர் பக்கத்து சீட்டுல இருக்க உங்க மச்சினனப் பின்னால போகச் சொல்லுங்க.